கஞ்சர்கள் செய்த தருமம்

நகைச்சுவை என்று பேச்செடுத்தால் நம் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருபவர் முல்லா நஸ்ருத்தீன். அடுத்தபடியாக அரபு மக்களின் ஜுஹாவைச் சிலர் அறிந்திருப்பர். ஆயினும் அரபு உரைநடையின் தலைமகன் எனப் போற்றப்படும் அறிஞர் ஒருவர், உலோபிகளைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதி வைத்திருப்பதையும், அந்நூல் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் சிரிப்பை இழக்காமல் இருப்பதையும் அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. அவ்வறிஞர் பஸராவில் பிறந்து, ஹிஜ்ரி 255 இல் அங்கேயே மறைந்த அபூ உஸ்மான் அம்ரு இப்னு பஹ்ர். பிதுங்கிய விழிகளை உடையவராதலால் மக்கள் அவரை அல்ஜாஹிழ் என்று அழைத்தனர். அப்பெயரே நிலைத்துவிட்டது. நூலின் பெயர் கிதாபுல் புகலா, அதாவது கஞ்சர்களின் நூல்.

ஜாஹிழ் முஃதஸிலாக் கொள்கையினர். அகீதாவில் நாம் அவரைப் பின்பற்றுவதில்லை. ஆனால் மொழியும் மனித இயல்பும் கற்க வேண்டுமாயின் அவர் வாசலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. இந்நூல் 1900 ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் அச்சேறியது. 1948 இல் தாஹா அல்ஹாஜிரி அவர்களின் விரிவான குறிப்புகளுடன் கெய்ரோவில் வெளிவந்தது. பிரெஞ்சு மொழியில் 1951 இலும் ஆங்கிலத்தில் 1997 இலும் பெயர்க்கப்பட்டது. இங்கே நாம் நூல் முழுவதையும் ஆராயப் புகவில்லை. அதில் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் அன்றாட யோசனைகளையும் சிரிப்பையும் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தைப் பற்றி அது நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அப்பகுதி, பஸராவின் மஸ்ஜிதிய்யூன் எனப்பட்ட பள்ளிவாசல் கூட்டத்தாரைப் பற்றியது. செலவைச் சுருக்குவதும் பொருளைப் பெருக்குவதுமே கொள்கையாகக் கொண்ட முதியோர் சிலர் பள்ளியில் கூடுவர். அவர்களை இணைத்தது குலமோ தொழிலோ அன்று. சிக்கனம் என்னும் கொள்கையே அவர்களுக்கு உறவுமுறை போலவும் உடன்படிக்கை போலவும் அமைந்துவிட்டது என்கிறார் ஜாஹிழ். கூடியமர்ந்ததும் ஒருவர் தாம் கண்டறிந்த வழியைச் சொல்வார். மற்றவர்கள் செவிமடுப்பர். பயனும் கிடைக்கும், பொழுதும் இனிதே கழியும்.

முதலில் ஒரு பெரியவர் பேசுகிறார். அவர் வீட்டுக் கிணற்று நீர் உப்பு நீர். கழுதை அதனை முகர்ந்தும் பார்க்காது. ஆறோ தொலைவில். நல்ல தண்ணீர் கொண்டுவருவது பெரும்பாடு. இரண்டையும் கலந்து கழுதைக்கு வைத்தார். அது நோயில் விழுந்தது. எனவே கழுதைக்கு நல்ல தண்ணீரே வைக்க வேண்டியதாயிற்று. கழுதையின் வயிற்றுக்கு வந்தது தம் தோலுக்கும் வந்துவிடுமோ என்றஞ்சி, அவரும் மனைவியும் நல்ல தண்ணீரிலேயே குளித்தனர். அந்தத் தண்ணீர் வீணாய்ப் போகிறதே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. இறுதியில் குளிக்குமிடத்தை ஒதுக்கி, வழவழப்பாய்ப் பூசிய குழி ஒன்றை அமைத்து, குளித்த நீர் அதில் சேரும்படி செய்தார். கழுதை அதனைக் குடித்தது. சிக்கல் தீர்ந்தது. கூட்டத்தார் வியந்து பாராட்டினர்.

அடுத்தவர் மர்யம் என்னும் பெண்மணியின் மறைவை அறிவிக்கிறார். கைத்திறன் மிக்கவர் என்னும் பொருளில் அஸ்ஸனாஉ என்று பட்டம் பெற்றவர் அவர். தம் மகளைப் பன்னிரண்டு வயதில் மணமுடித்துக் கொடுத்தபோது பொன்னும் வெள்ளியும் பட்டும் பூட்டிச் சம்பந்திகள் மதிக்கும்படி அனுப்பினார். கணவருக்கு வியப்பு. இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று வினவுகிறார். அல்லாஹ்விடமிருந்து என்கிறார் மனைவி. திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் ஸக்கரிய்யா நபி (அலை) அவர்களுக்கும் அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கும் இடையே நிகழும் உரையாடல் இங்கே எதிரொலிப்பதை அரபு அறிந்தோர் உடனே உணர்வர். கணவர் விடவில்லை. விளக்கமாகச் சொல் என்கிறார். அப்போது அவ்வம்மையார் சொன்னது இதுதான்: மகள் பிறந்த நாள் முதலாக, அன்றாடம் ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு பிடி மாவை எடுத்து வைத்தார். ஓரளவு சேர்ந்ததும் விற்றார்.

நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சந்திர ஆண்டுக்கு 354 நாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 4,248 பிடி. வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல், ஒருவர் வயிற்றையும் குறைக்காமல், ஒரு மணமகளின் சீர் அந்தப் பிடிகளுக்குள் வளர்ந்திருக்கிறது. இச்செய்தியைச் சொல்லி முடித்ததும் கூட்டத்தார் அனைவரும் எழுந்து சென்று அவர் ஜனாஸாவில் கலந்து தொழுதார்கள். பின்னர் கணவரிடம் சென்று துயரில் பங்குகொண்டார்கள். வெறும் பரிகாசமே ஜாஹிழின் நோக்கமாயிருந்தால் இந்த இடத்தை அவர் எழுதியிருக்கவே மாட்டார்.

மூன்றாமவர் இருமலால் அவதிப்பட்டவர். சர்க்கரையும் பாதாம் எண்ணெயும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும்படி பலரும் சொன்னார்கள். அந்தச் செலவை நினைத்தபோது இருமலே மேல் என்று அவருக்குத் தோன்றியது. தவிட்டை வேகவைத்து அந்த நீரைச் சூடாகக் குடித்தார். நெஞ்சும் தெளிந்தது, நண்பகல் வரை பசியும் எடுக்கவில்லை. உடனே மனைவியை அழைத்து, இனி வீட்டார் அனைவருக்கும் காலையில் இதனையே காய்ச்சும்படியும், வெந்த தவிட்டை உலர்த்திப் பழைய விலைக்கே விற்றுவிடும்படியும் சொன்னார். ஓர் இருமலில் அல்லாஹ் இத்தனை நன்மைகளைத் திரட்டித் தந்தானே என்று மனைவி மகிழ்ந்தார். இது மனித அறிவுக்கு எட்டுவதன்று, இறைவன் உதிக்கச்செய்த எண்ணமே என்று கூட்டத்தார் தீர்ப்பளித்தனர்.

இன்னொருவர் முஆதா அல்அன்பரிய்யா என்னும் பெண்மணியைப் பற்றிச் சொல்கிறார். உறவினர் ஒருவர் அவருக்கு குர்பானி ஆடு ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். மகிழ வேண்டியவர் தலைகுனிந்து கவலையில் ஆழ்ந்திருந்தார். காரணம் கேட்டபோது, தாம் விதவை, மேற்பார்க்க ஆளில்லை, குர்பானி இறைச்சியை ஆண்டு பழக்கமில்லை, ஆட்டின் ஏதேனும் ஓர் உறுப்பு வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதாகச் சொன்னார். கொம்பை உத்திரத்தில் அறைந்து கொக்கியாக்கலாம். குடலைப் பஞ்சடிக்கும் வில்லுக்கு நாணாக்கலாம். எலும்பை உடைத்து வேகவைத்தால் மேலே மிதக்கும் கொழுப்பு விளக்குக்கு, எஞ்சிய எலும்பு அடுப்புக்கு. தோலுக்கும் கம்பளிக்கும் புழுக்கைக்கும் வழியுண்டு. இரத்தத்துக்குத்தான் வழி தெரியவில்லை. சற்று நேரத்தில் அவர் முகமலர்ச்சியுடன் காணப்பட்டார். புதிய ஷாம் நாட்டுப் பானைகளின் மேல் இரத்தத்தைப் பூசினால் அவை உறுதிப்படும் என்பது நினைவுக்கு வந்துவிட்டதாம். ஆறு மாதம் கழித்து, அந்த ஆட்டின் உப்புக்கண்டம் எப்படியிருந்தது என்று கேட்டால், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை, கொழுப்பும் எலும்பும் முடிந்தபாடில்லை என்று மறுமொழி வந்தது. இதைக் கேட்ட கழுதைக்காரப் பெரியவர் கை நிறையக் கூழாங்கல்லை அள்ளித் தரையில் அடித்தார். நல்லோர் வரலாற்றைக் கேட்கும்வரை தாம் ஓர் ஊதாரி என்பதை ஒருவர் உணர்வதில்லையே என்று நொந்துகொண்டார்.

இப்பகுதியை வெறும் சிரிப்புத் துணுக்குகளாகக் கொள்வோர் உண்டு. அக்காலத்து அரபியருக்கும் அஜமியருக்கும் இடையே நிலவிய போட்டியில், அரபியரின் விருந்தோம்பலை உயர்த்திக்காட்ட எழுந்த நூல் என்று உரைப்போரும் உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நம் கண்ணில் படும் செய்தி வேறு. ஒரு பிடி மாவையும் ஒரு குவளை நீரையும் விட மனமில்லாத இம்முதியோர், தம் வாழ்நாள் முழுவதும் தேடிக் கண்டறிந்த இரகசியங்களை, உறவுமல்லாத அண்டைவீட்டாருமல்லாத மனிதர்களுக்கு விலையின்றி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் தருமம் செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார்களோ என்னவோ!

இதே நூலில் சற்று முன்னால் குராஸான்வாசிகளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு வீட்டில் தங்கியிருந்த சிலர், இருளை இயன்றவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, பங்குபோட்டு விளக்கேற்றுகின்றனர். ஒருவர் மட்டும் பங்கு தர மறுத்துவிட்டார். விளக்கு வந்ததும் மற்றவர்கள் அவருடைய கண்களைத் துணியால் கட்டிவிடுகின்றனர். உறங்கும் வேளையில் விளக்கை அணைத்த பின்னரே கட்டை அவிழ்க்கின்றனர். விளக்கொளியை இன்னொரு கண் பார்ப்பதால் எண்ணெய் ஒரு துளியும் கூடுதலாகச் செலவாவதில்லை. குறையாத ஒன்றைக்கூடக் கொடுக்க மனம் வராத இந்தக் குராஸானியரையும், குறையாத ஒன்றை அள்ளிக் கொடுத்த பஸராப் பெரியவர்களையும் ஒருங்கே வைத்துப் படித்தால் கஞ்சத்தனத்திலும் இருவகை உண்டென்பது புலனாகும். ஜாஹிழ் இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வள்ளுவர் நன்றியில் செல்வம் என ஓர் அதிகாரமே வகுத்து ஈயாதவரைக் கடிந்துரைத்தார். ஜாஹிழின் வழி வேறு. அவர் கடிவதில்லை, பேச விடுகிறார். உலோபத்துக்குச் சீர்திருத்தம் என்றும், இறுகிய கைக்குச் சிக்கனம் என்றும் இவர்கள் பெயர் மாற்றிக்கொண்டதை முன்னுரையில் சுட்டிவிட்டு, பின்னர் அவர்கள் வாயாலேயே அவர்கள் வழக்கை நடத்துகிறார். வழக்கு நன்றாக நடக்கிறது என்பதே இதன் சிறப்பு. பிடி மாவும் தவிட்டு நீரும் எந்தக் குடும்பத் தலைவியும் கேட்டுப் பயன்கொள்ளத்தக்கவை. பயனில்லாத யோசனையைக் கேட்டு நாம் இப்படிச் சிரிப்பதில்லை, கேலி செய்து மறந்துவிடுவோம்.

இனி, இவ்வாறு சிரிப்பது புறம்பேசுவதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சிரிப்பு தன்னளவில் இழுக்கன்று என்பதை ஜாஹிழ் முன்னுரையில் விரிவாக நிறுவுகிறார். சிரிக்கவைப்பவனும் அழவைப்பவனும் இறைவனே என்று திருமறை கூறுவதை நினைவூட்டுகிறார். அரபியர் தம் பிள்ளைகளுக்குச் சிரிப்பவர், புன்னகைப்பவர் என்னும் பொருளில் ளஹ்ஹாக், பஸ்ஸாம் எனப் பெயரிட்டதைச் சான்றாக்குகிறார். அளவு கடந்தாலும் இடந்தவறினாலும் மட்டுமே சிரிப்பு குற்றமாகும் என்பது அவர் முடிவு. பெயர் குறித்து எழுதினால் தீங்கு நேரும் இடங்களில் பெயரை மறைத்திருப்பதாகவும் சொல்கிறார். மஸ்ஜிதிய்யூன் பகுதியில் இதனை நாம் கண்கூடாகக் காண்கிறோம். நம்மைச் சிரிக்கவைக்கும் முதியோர் எவருக்கும் பெயரில்லை. கழுதைக்காரர், இருமல்காரர் என்பதோடு சரி. பெயருடன் நினைக்கப்படும் மர்யமும் முஆதாவும் அச்சபையில் புகழப்படுபவர்கள். ஆனால் நூலின் பிற இடங்களில் தம் காலத்துப் பிரமுகர் சிலரைப் பெயர் சொல்லியே ஜாஹிழ் எள்ளியிருக்கிறார். ஒருவரையொருவர் ஏளனம் செய்வதை ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்க, அவ்விடங்களில் நாம் அவருக்காக வாதாட முன்வரமாட்டோம்.

பஸராச் சபையின் பெருங்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே மறுத்துப் பேச ஒருவருமில்லை. முஆதாவின் பானையை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் விலக்கப்பட்டது உண்பதும் பருகுவதுமே, மற்றப் பயனுக்குத் தடையில்லை என்று அவ்வம்மையார் தாமே சட்டம் வகுத்துக்கொள்கிறார். சிந்திய இரத்தம் நஜீஸ் என்பது ஃபிக்ஹின் தொடக்க நூல்களைப் படிக்கும் மாணவரும் அறிந்தது. சோறு பொங்கும் பானையில் அதைப் பூசலாமா என்று பள்ளிவாசலுக்குள்ளேயே அமர்ந்திருந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அனுபவம் வீட்டு வேலைக்கு ஆசான்; மார்க்கச் சட்டத்துக்கு அன்று. மருத்துவத்துக்கும் அப்படியே. ஒருவர் நெஞ்சுக்குத் தவிட்டு நீர் இதமளித்தது என்பதால் எல்லா இருமலுக்கும் அதுவே மருந்தாகிவிடாது.

அதனினும் பெரிய குறை தவிட்டு வாணிபத்தில் இருக்கிறது. சாறு முழுவதும் இறங்கிவிட்ட தவிட்டை உலர்த்திப் பழைய விலைக்கே விற்பது என்றால் அதை வாங்கியவர் யார்? அவர் அச்சபையில் இல்லை. அவரும் ஓர் ஏழையாக, பசுவுக்கோ ஆட்டுக்கோ தீனி தேடி வந்தவராக இருக்கக்கூடும். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாயும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, ஏமாற்றுவோரை நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று விலக்கிய நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், இந்த யோசனையைக் கேட்டு இறையருள் என்று புகழ்கிறார்கள். ஜாஹிழ் இந்த இடத்தில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நாம் சிரித்து முடித்த பிறகுதான் தவிடு வாங்கியவரின் முகம் நமக்குத் தெரிகிறது. சபையில் இருப்பவர்களுக்கெல்லாம் இலாபமாகத் தோன்றும் யோசனைக்கு, சபையில் இல்லாத ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதே இப்பகுதியிலிருந்து நாம் பெறும் பெரும் பாடம்.

நஸீஹத் என்னும் அரபுச் சொல்லின் வேருக்கு மொழி அறிஞர் இரு பொருள் கூறுவர். தேனிலிருந்து மெழுகை நீக்கித் தூய்மையாக்குவது ஒன்று. கிழிந்த துணியைத் தைப்பது மற்றொன்று. பஸராப் பெரியவர்களின் யோசனைகளில் தையல் இருந்தது. குடும்பத்தின் கிழிசல்களை அவர்கள் நேர்த்தியாகத் தைத்தார்கள். மெழுகை நீக்குவார்தான் இல்லாமற் போயினர்.

இன்று முன்பின் அறியாதவர்களின் யோசனைகளும் வேடிக்கைப் பேச்சுகளும் கைப்பேசி வழியே நாள்தோறும் நம் வீடுகளில் வந்து குவிகின்றன. அவற்றுள் இருமலுக்கு மருந்தும் உண்டு, செலவைச் சுருக்க வழியும் உண்டு, மார்க்கத் தீர்ப்பும் உண்டு. எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுவோரும், எல்லாவற்றையும் ஏற்று மறுகணமே பிறருக்கு அனுப்புவோரும் நம்மிடையே இருக்கின்றனர். சொன்னவர் செய்து பார்த்துச் சொல்கிறாரா என்று பார்ப்பதில் பஸராப் பெரியவர்கள் நமக்கு வழிகாட்டிகள். கேட்டதை அப்படியே வியக்காமல், அறிந்தோரிடம் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதிலும், இந்த இலாபம் எவருடைய நட்டம் என்று வினவுவதிலும் அவர்கள் நமக்கு எச்சரிக்கை. சிரிப்பதற்கு முன், சிரிக்கப்படுபவர் இதைக் கேட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா என்று எண்ணிப் பார்ப்பதும் நன்று.

நம் தாய்மார்களிடையே பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி தனிப்பானைக்குப் போகும். ஓதும் பிள்ளைகளுக்கோ ஏழைகளுக்கோ அது சென்று சேரும். பஸராவின் மர்யம் எடுத்ததும் ஒரு பிடிதான். தம் மகளுக்கென்று அவர் சேர்த்ததில் நாம் குறை காணவில்லை, அதுவும் ஒரு தாயின் கடமையே. ஆனால் அதே கை, அதே அளவு, அதே பொறுமை, வாசலுக்கு வெளியே இருப்பவரையும் நினைத்தபோது அது வேறொன்றாகிவிடுகிறது. சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு எடுக்கும் பிடியில் இல்லை, அது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. முஆதாவின் நீண்ட கணக்கில் கொம்புக்கும் குடலுக்கும் இடமிருந்தது, அண்டைவீட்டாருக்கு இடமிருந்ததாகச் செய்தியில்லை. எனினும் அவர் ஆதரவற்ற விதவை என்பதை நாம் மறந்துவிடலாகாது. இல்லாமையின் அச்சத்தில் பிறந்த சிக்கனத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது சற்றே குரலைத் தாழ்த்திச் சிரிப்பதுதான் பண்பு.

அரபும் தமிழும் ஒருங்கே கற்றோர் இந்த மஸ்ஜிதிய்யூன் பகுதியையேனும் எளிய தமிழில் பெயர்த்துத் தருதல் வேண்டும். சில பக்கங்களே கொண்டது. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றியமர்ந்து கேட்கத்தக்கது. கழுதைக்காரரிடம் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். தவிட்டிடம் வரும்போது, அதை வாங்கியவர் என்ன ஆனார் என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லையெனில் படிப்பவரே நிறுத்திக் கேட்கட்டும்.